டிஸ்க் தெரியவில்லை என்கிறது சர்வர்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டு சர்வராக மாற்றி, குடும்பப் படங்களையும் வீடியோக்களையும் அதில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் அதில் ஒரு ஹார்ட் டிஸ்க் காணாமல் போய்விடுகிறது. அதனால் இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

பதிலுக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். “தெரியவில்லை” என்று மட்டும் எழுதினால் எனக்குப் பாதிதான் புரிகிறது. யாருக்குத் தெரியவில்லை? கம்ப்யூட்டர் எழும்போதே ஓடும் மதர்போர்டின் பயாஸுக்கா, இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னலுக்கா, அதற்கு மேல் ஓடும் ட்ரூநாஸ், ஓப்பன்மீடியாவால்ட் போன்ற சேமிப்பு மென்பொருளுக்கா? பயாஸுக்கே தெரியாத டிஸ்க் என்றால் கேபிளையும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். பயாஸுக்குத் தெரிந்து லினக்ஸுக்குத் தெரியாவிட்டால் கண்ட்ரோலர் அமைப்பையும் டிரைவரையும் பார்க்க வேண்டும். லினக்ஸுக்கும் தெரிந்து, மென்பொருள் மட்டும் இல்லை என்று சொன்னால் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அந்த நிலையில் தரவு அழிவது நம் விரலால்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

8 டெராபைட் யு.எஸ்.பி. டிஸ்க் மலிவாகக் கிடைத்தது. உறையைப் பிரித்து உள்ளே இருந்த டிஸ்க்கை எடுத்து சர்வரில் மாட்டினேன். சத்தமே இல்லை, பயாஸிலும் வரவில்லை. திரும்ப உறையில் போட்டால் ஓடுகிறது. டிஸ்க் பழுதா?
— வாசகர், கோயம்புத்தூர்

டிஸ்க் பழுது இல்லை. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான உங்கள் எஸ்.எம்.பி.எஸ். அதை எழுந்திருக்கவே விடாமல் வைத்திருக்கிறது.

டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வழக்கமான முறைக்கு சாட்டா என்று பெயர். சாட்டா மின் இணைப்பில் 15 முனைகள் இருக்கின்றன. முதல் மூன்று முனைகளும் 3.3 வோல்ட்டுக்கு என்று ஆரம்பத்தில் ஒதுக்கப்பட்டவை. 7 முதல் 9 வரை 5 வோல்ட். 13 முதல் 15 வரை 12 வோல்ட். 3.5 அங்குல டிஸ்க்குகள் 5 வோல்ட்டையும் 12 வோல்ட்டையும் வைத்தே ஓடிவிடுகின்றன, 3.3 வோல்ட்டைத் தொடுவதில்லை. சும்மா கிடந்த மூன்றாம் முனைக்கு, 2016-ல் வந்த சாட்டா பதிப்பு 3.3 விதிகளில் வேறு வேலை கொடுத்துவிட்டார்கள்: அந்த முனையில் மின்னழுத்தம் இருக்கும்வரை டிஸ்க் அணைந்தே நிற்க வேண்டும். டேட்டா சென்டரில் ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளுக்கு நடுவே ஒன்று மட்டும் செயலற்று நின்றுவிட்டால், ஆள் போய்ப் பிடுங்கிச் சொருகாமல் தூரத்திலிருந்தே அணைத்துப் போடுவதற்கான ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டில் இருக்கும் பழைய எஸ்.எம்.பி.எஸ். அந்த முனையில் இடைவிடாமல் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. டிஸ்க் அதை “அணைந்திரு” என்ற கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. யு.எஸ்.பி. உறைக்குள் 3.3 வோல்ட் வருவதில்லை, அதனால் அங்கே ஓடுகிறது.

செல்போன் சர்வீஸ் கடையில் தேன் நிறத்தில் காப்டன் டேப் வைத்திருப்பார்கள். ஒரு விரல் நீளம் வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்க்கைத் திருப்பி வைத்து, இணைப்புப் பக்கத்தை உங்களை நோக்கி வையுங்கள். குட்டையான டேட்டா இணைப்பு ஒருபுறமும் நீளமான மின் இணைப்பு மறுபுறமும் இருக்கும். மின் இணைப்பில் முதல் முனை டேட்டா இணைப்பை ஒட்டிய பக்கத்தில் இருக்கிறது. எண்ணிக்கையை அங்கிருந்து தொடங்குங்கள். மூன்றாவதை மட்டும் மூட வேண்டும் என்றால் மிக மெல்லிய துண்டாக வெட்ட வேண்டும், கை நடுங்கும். முதல் மூன்றையும் சேர்த்தே மூடிவிடலாம், டிஸ்க்குக்கு அவை தேவையில்லை. நான்காவது முனை தரை இணைப்பு, அதன்மேல் டேப் ஏறக் கூடாது. டேப்பின் மேல் முனையை உள்பக்கமாக மடித்து அழுத்திவிட்டால் கேபிளைச் சொருகும்போது சுருண்டு வராது. சாதாரண செலோ டேப் வேண்டாம். டிஸ்க்கின் சூட்டில் பசை இளகிவிடும்.

பழைய நான்கு முனை மோலெக்ஸ் இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளைப் போட்டாலும் வேலை நடக்கும். மோலெக்ஸில் 3.3 வோல்ட்டே கிடையாது. ஆனால் அந்தக் கேபிளை வாங்கும்போது சாட்டா முனையை உற்றுப் பாருங்கள். கம்பிகளைச் சுற்றி பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த ஒரே கட்டியாக இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வார்க்கும்போது உள்ளே கம்பிகள் நகர்ந்து நெருங்கியிருந்தால் நாளடைவில் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கிறது. கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கவ்வப்பட்டு, பின்பக்கம் மூடி போட்டு மூடிய வகைதான் பாதுகாப்பானது. இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் பெட்டிக்குள் இருக்கப்போகிற பொருள் அது. ஐம்பது ரூபாயைப் பார்க்காதீர்கள்.

நான்கு டிஸ்க் போட்ட சர்வர். வாரத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு டிஸ்க் காணாமல் போகிறது. அணைத்துப் போட்டால் திரும்ப வந்துவிடுகிறது. டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் சோதனையில் ‘நல்ல நிலை’ என்று வருகிறது. ஒரு டிஸ்க்கை மாற்றியும் பார்த்துவிட்டேன், புது டிஸ்க்கும் அப்படியே போகிறது.
— வாசகர், தூத்துக்குடி

புது டிஸ்க்கும் போகிறது என்ற உங்கள் கடைசி வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. டிஸ்க்கை விட்டுவிட்டு, அதற்குப் போகும் இரண்டு கேபிள்களைப் பிடியுங்கள்.

முதலில் ஸ்மார்ட் அறிக்கையை முழுதாக எடுங்கள். ‘நல்ல நிலை’ என்ற ஒரு சொல்லை நம்ப வேண்டாம். அந்தச் சொல் டிஸ்க் சாகும் தறுவாயில்கூட அப்படியே நிற்கும். 5, 197, 198 என்ற எண்ணுள்ள வரிகளில் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் வட்டின் மேற்பரப்பில் பிரச்சினை. 199 என்ற வரியில் எண் ஏறிக்கொண்டே போனால், கேபிள் வழியாகப் போகும் தரவு வழியிலேயே சிதைகிறது என்று பொருள். இந்த 199-க்கு ஒரு குணம் உண்டு: ஏறினால் இறங்காது. ஆகவே எண் எவ்வளவு என்பதைவிட, நேற்றைக்கும் இன்றைக்கும் ஏறியிருக்கிறதா என்பதே முக்கியம். ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள்.

அடுத்து, டிஸ்க் போன நேரத்துக் கெர்னல் பதிவைப் பாருங்கள். டிமெஸ்ஜி என்ற கட்டளை அதைக் காட்டும். ‘சாட்டா லிங்க் டவுன்’ என்று மட்டும் இருந்தால் மறுமுனையில் யாருமே இல்லை: கேபிள் கழன்றிருக்கிறது, அல்லது டிஸ்க்குக்கு மின்சாரம் போகவில்லை. ‘லிங்க் இஸ் ஸ்லோ டு ரெஸ்பாண்ட்’, ‘காம்ரீசெட் ஃபெயில்ட்’ என்று வரிசையாக வந்து, 6 கிகாபிட் வேகத்திலிருந்து 3-க்கும் 1.5-க்கும் இறங்கியிருந்தால், டிஸ்க் இருக்கிறது, ஆனால் பேச்சு சரியாக வந்து சேரவில்லை. பலர் இந்த வரிகளைப் பார்த்துப் பயந்து டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட வருத்தம் தருவது வேறில்லை.

இப்போது கேபினட்டைத் திறங்கள். டேட்டா கேபிள் டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். பக்கத் தகட்டை மூடும்போது அது கேபிளை அழுத்தி வளைக்கிறதா? சில டிஸ்க்குகளில் கேபிளின் இரும்புக் கிளிப் பிடித்துக்கொள்ள மேடு இருப்பதில்லை. அவற்றில் கிளிப் வைத்த கேபிள் பிடித்தது போலத் தோன்றினாலும் மெல்ல மெல்ல நழுவும். சந்தேகத்துக்குரிய டிஸ்க்கின் கேபிளையும் நல்ல டிஸ்க்கின் கேபிளையும் மாற்றிப் போடுங்கள், வேறெதையும் தொடாதீர்கள். பிரச்சினை கேபிளோடு போனால் கேபிள். அதே டிஸ்க்கோடு நின்றால், டேட்டா கேபிளை விட்டுவிட்டு மின் கேபிளை மாற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் பிரச்சினை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. அடுத்த மாதம் மறுபடியும் வந்து நிற்கும். பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாக வைக்கும் லினக்ஸின் மென்பொருள் ரெய்டு, இசட்.எஃப்.எஸ். ஆகியவற்றில் கேபிள் வரிசை மாறினாலும் ஒன்றும் ஆகாது. பழைய வன்பொருள் ரெய்டு கார்டு வைத்திருப்பவர்கள் மட்டும் வரிசையைக் குறித்து வைத்துவிட்டுத் தொடவும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு அதிகச் சந்தேகம் மின்சாரத்தின் மேல்தான். 3.5 அங்குல டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது சில வாட்களே எடுக்கிறது. ஆனால் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கிறது. நான்கு டிஸ்க்குகளும் ஒன்றாக எழுந்தால் 8 ஆம்பியர். நீங்கள் அனுப்பிய படத்தில், ஒரு சாட்டா முனையிலிருந்து நான்காகப் பிரியும் கேபிள் தெரிகிறது. ஒரு சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று முனைகள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும், மொத்தம் 4.5 தான். 4.5 தாங்கும் இடத்தில் 8 கேட்கிறீர்கள். மின்னழுத்தம் ஒரு கணம் சரிகிறது, அந்தக் கணத்தில் நான்கில் எது தாங்கவில்லையோ அது விழுகிறது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் வேறு வேறு டிஸ்க் போகிறது. அந்தப் பிரிப்பானைக் கழற்றிவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்-இலிருந்து நேராக வரும் இரண்டு தனி வரிசைகளில் இரண்டிரண்டாக மாட்டுங்கள். மல்டிமீட்டர் இருந்தால், சர்வர் எழும் நேரத்தில் மோலெக்ஸ் முனையில் மஞ்சள் கம்பியை அளந்து பாருங்கள். 11.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. சிவப்புக் கம்பிக்கு 4.75 எல்லை.

கரண்ட் போய் வரும்போது டிஸ்க் காணாமல் போகிறதா என்றும் கவனியுங்கள். எஸ்.எம்.பி.எஸ். மின்சாரமில்லாமல் தாக்குப்பிடிப்பது சுமார் 16, 17 மில்லி விநாடிதான். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றின் முகப்பிலோ பின்புறத்திலோ ‘யு.பி.எஸ்.’ என்றும் ‘நார்மல்’ என்றும் ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் மின்விசிறிக்குப் போதும், சர்வருக்குப் போதாது.

கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்று. மின் கேபிள்களின் உள்முனைகள் பெரும்பாலும் வெள்ளீயப் பூச்சு போட்ட மலிவான உலோகம். உப்புக் காற்றில் மங்கிப் படலம் கட்டும். சர்வரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு டிஸ்க்கின் முனைகளைத் துடையுங்கள். கருத்துப்போன கேபிளைத் துடைத்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள்.

புதிதாக எம்.2 எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டேன். அன்றிலிருந்து இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் தெரியவில்லை.
— வாசகி, மதுரை

பல மதர்போர்டுகளில் எம்.2 துளையும் சில சாட்டா துளைகளும் சிப்செட்டின் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. எம்.2-வில் கார்டு ஏறினால் அந்த சாட்டா துளைகள் அணைந்துவிடும். பெரும்பாலும் 5, 6 எண்ணுள்ளவை. மதர்போர்டின் கையேட்டில் இதற்கென்றே ஒரு சிறு அட்டவணை உண்டு. கேபிள்களை மற்ற துளைகளுக்கு மாற்றுங்கள். இடமில்லை என்றால் எஸ்.எஸ்.டி-யை இரண்டாவது எம்.2 துளையில் வைத்துப் பாருங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது. நல்ல நிறுவனத்தின் புதிய மாடுலர் எஸ்.எம்.பி.எஸ். (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் வகை) வாங்கினேன். டிஸ்க்குகளுக்குப் போகும் கேபிள்கள் ஏற்கெனவே அழகாகக் கட்டி வைத்திருந்ததால் அவற்றை அப்படியே விட்டுவிட்டு, பெட்டியை மட்டும் மாற்றினேன். ஆன் செய்ததும் லேசான கருகல் வாடை. மூன்று டிஸ்க்குகளும் தெரியவில்லை.
— வாசகர், சேலம்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் உடனே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இங்கேயும் எழுதுகிறேன்.

மாடுலர் எஸ்.எம்.பி.எஸ். கேபிளில் டிஸ்க் பக்கம் இருக்கும் முனைக்கு உலகம் முழுவதும் ஒரே விதி. எஸ்.எம்.பி.எஸ். பக்கம் இருக்கும் முனைக்கு எந்தப் பொது விதியும் இல்லை. ஒரு நிறுவனம் 5 வோல்ட் வைக்கும் துளையில் இன்னொரு நிறுவனம் 12 வோல்ட் வைத்திருக்கும். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களிலேயே மாறியிருக்கலாம். துளையின் வடிவம் ஒன்றாக இருப்பதால் கேபிள் அழகாகப் பொருந்திவிடும். பொருந்திய உடனே 5 வோல்ட் வழியில் 12 வோல்ட் பாய்கிறது.

ஆனாலும் மனம் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான டிஸ்க்குகளின் பச்சை சர்க்யூட் பலகையில், மின் இணைப்புக்கு அருகே, டி.வி.எஸ். டையோடு என்ற சின்னக் கறுப்புத் துண்டுகள் இருக்கும். மின்னழுத்தம் மிகுந்தால் தாமே ஷார்ட் ஆகி மற்ற பாகங்களைக் காப்பதே அவற்றின் வேலை. அந்த டையோடு மட்டும் போயிருந்தால், கை தேர்ந்த ஒருவர் அதை எடுத்துவிட்டு, சரியான மின்சாரம் கொடுத்துத் தரவை எடுத்துவிட முடியும். நீங்களே முயல வேண்டாம். அதே மாடல் டிஸ்க் வாங்கிப் பலகையை மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். இன்றைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றுக்கும் உரிய அளவீடுகள் அதன் பலகையிலுள்ள நினைவகச் சிப்பிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. அந்தச் சிப்பையும் பெயர்த்து மாற்றாமல் வேறு பலகை ஓடாது. தரவு மீட்பு நிலையத்துக்குக் கொடுக்கும்போது ‘தவறான மாடுலர் கேபிள்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களின் பாதி நேரம் மிச்சமாகும்.

எஸ்.எம்.பி.எஸ். மாற்றும் எல்லாருக்கும்: பழைய கேபிள் ஒன்றுகூடக் கேபினட்டுக்குள் மிஞ்சக் கூடாது.

டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஒருமுறை ஓடும் என்கிறார்களே?
— வாசகர், ஈரோடு

வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் வட்டின் மேல் பனித்துப் படியும். சுழலும் வட்டுக்கும் அதைப் படிக்கும் தலைக்கும் இடையிலான இடைவெளி ஒரு தூசியைக்கூடத் தாங்காது. அந்தச் சத்தம், படிக்கும் தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப மோதுவது. ஒவ்வொரு ‘டக்’கும் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. இந்த நிமிடமே அணைத்துவிடுங்கள். தரவு முக்கியம் என்றால் மீட்பு நிலையம். முக்கியமில்லை என்றால் புது டிஸ்க்.

ரிச்சி தெருவில் சர்வரில் ஓடிய பழைய 4 டெராபைட் டிஸ்க்குகள் மிக மலிவாகக் கிடைத்தன. சாட்டா கேபிள் அதில் நுழையவில்லை. கடைக்காரர் ஒரு சிறிய மாற்றி கொடுத்தார். இப்போது நுழைகிறது, டிஸ்க் சுற்றுகிறது, ஆனால் எதிலும் தெரியவில்லை. நான் கல்லூரி மாணவன்.
— வாசகர், சென்னை

தம்பி, நீங்கள் வாங்கியது சாஸ் டிஸ்க். சாஸ் என்பது பெரிய சர்வர்களுக்கான வேறு இணைப்பு முறை. டேட்டா இணைப்புக்கும் மின் இணைப்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி பிளாஸ்டிக்கால் அடைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். சாட்டா கேபிள் நுழையக் கூடாது என்பதற்காகவே அப்படி அடைத்திருக்கிறார்கள். சாஸ் கண்ட்ரோலரில் சாட்டா டிஸ்க் ஓடும்; சாட்டா துளையில் சாஸ் டிஸ்க் ஓடாது. இரண்டும் பேசும் மொழியே வேறு. கடைக்காரர் கொடுத்த மாற்றி உருவத்தைத்தான் மாற்றுகிறது.

டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்றால் சாஸ் கார்டு ஒன்று வாங்க வேண்டும். வீட்டு சர்வர்க்காரர்கள் பரவலாகப் பயன்படுத்துவது எல்.எஸ்.ஐ. 9211-8ஐ, 9207-8ஐ போன்றவை. பழையதாக அதே தெருவில் கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது ‘ஐ.டி. மோடு’ நிலைபொருள் (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) போட்டதா என்று கேளுங்கள். அது டிஸ்க்குகளை அப்படியே காட்டும். ரெய்டு நிலைபொருள் இருந்தால் கார்டு டிஸ்க்குகளைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு, இயங்குதளத்துக்குக் காட்ட மறுக்கலாம். கார்டிலிருந்து நான்காகப் பிரியும் கேபிளில் முன்னோக்கு, பின்னோக்கு என்று இரண்டு வகை உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உங்களுக்கு வேண்டியது முன்னோக்கு வகை. பின்னோக்கு வகையை மாட்டினால் கார்டு தெரியும், ஒரு டிஸ்க்கும் தெரியாது. இந்தக் கார்டுகள் சர்வர் பெட்டிக்குள் வேகமாக வீசும் காற்றை நம்பி வடிவமைக்கப்பட்டவை. உங்கள் கேபினட்டில் கை வைத்தால் சுடும். வெப்பத்தகட்டின் மேல் ஒரு சிறு மின்விசிறி கட்டாயம்.

இவ்வளவும் செய்த பிறகு, டிஸ்க் பெயர் மட்டும் வந்து கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டினால் அஞ்ச வேண்டாம். பெரிய சேமிப்பு அமைப்புகளிலிருந்து கழற்றிய டிஸ்க்குகள் சிலவற்றில் ஒரு செக்டார் (டிஸ்க் தரவைப் பிரித்து வைக்கும் சிறு கட்டம்) 512 பைட்டுக்குப் பதிலாக 520 பைட்டாக இருக்கும். லினக்ஸில் எஸ்ஜி-ஃபார்மட் என்ற கருவியால் 512-க்கு மாற்றலாம். பல மணி நேரம் ஆகும், நடுவில் கரண்ட் போகக் கூடாது. உள்ளே இருக்கும் எல்லாமே அழிந்துவிடும். பழைய டிஸ்க் என்பதால் உங்களுக்கு அதில் இழப்பு இல்லை.

ராஸ்பெர்ரி பையில் இரண்டு சிறிய யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க்குகள். ஒன்று மட்டும் இருந்தால் ஓடுகிறது. இரண்டையும் மாட்டினால் ஒன்று போய்விடுகிறது.
— வாசகர், நாகர்கோவில்

பை 4-இல் யு.எஸ்.பி. துளைகள் நான்குக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். பை 5-இல், 5 ஆம்பியர் அடாப்டர் போட்டால் 1.6, அதைவிடச் சிறிய அடாப்டர் போட்டால் 0.6 தான். 2.5 அங்குல டிஸ்க் ஒன்று எழும்போதே ஏறத்தாழ 1 ஆம்பியர் கேட்கும். தனி அடாப்டர் உள்ள யு.எஸ்.பி. ஹப் வாங்கி, டிஸ்க்குகளை அதில் மாட்டுங்கள்.

என் தங்கையின் திருமணப் படங்கள், காலஞ்சென்ற அப்பாவின் குரல் பதிவுகள் எல்லாம் யு.எஸ்.பி. உறையிலிருந்த ஒரு டிஸ்க்கில் இருந்தன. உறை பழுதானதால் டிஸ்க்கை எடுத்துக் கம்ப்யூட்டரில் நேராக மாட்டினேன். டிஸ்க் தெரிகிறது, ஆனால் ‘இனிஷியலைஸ் செய்யவா’ என்று கேட்கிறது. ஆம் என்று கொடுக்கலாமா?
— வாசகி, யாழ்ப்பாணம்

கொடுக்காதீர்கள் அம்மா. இப்போதே ‘கேன்சல்’ அழுத்துங்கள். அழுத்திய பிறகு மீதியைப் படியுங்கள்.

இனிஷியலைஸ் என்றால் டிஸ்க்கின் தொடக்கத்தில் வெற்று அட்டவணை ஒன்றைப் புதிதாக எழுதுவது. உங்கள் படங்கள் எங்கே தொடங்குகின்றன என்ற குறிப்பு இருக்கும் இடமும் அதுதான். கம்ப்யூட்டருக்கு அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரியவில்லை. அதனால் டிஸ்க் வெறுமையானது என்று நினைத்துக் கேட்கிறது. படிக்கத் தெரியாததற்குக் காரணம் பெரும்பாலும் பழைய உறைதான். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைப் பழைய விண்டோஸிலும் ஓட வைப்பதற்காக, சில உறைகள் 512 பைட் செக்டார்களை 4096 பைட் செக்டார்களாகக் கணக்குக் காட்டும். அந்தக் கணக்கில் எழுதிய அட்டவணை, உறை இல்லாமல் நேராக மாட்டும்போது பொருந்தாது. வேறு சில உறைகள், நாம் கடவுச்சொல் வைக்காவிட்டாலும், தரவைத் தாமே மறைகுறியாக்கி எழுதுகின்றன. அதைப் பிரித்துப் படிக்க அந்த வகை உறையின் சர்க்யூட் வேண்டும். இரண்டு நிலையிலும் வழி ஒன்றே: அதே மாடல் உறை ஒன்றைத் தேடிப் பிடித்து, டிஸ்க்கை அதில் மாட்டிப் பாருங்கள். பழைய உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடாப்டர் மட்டும் பழுதாகியிருந்தாலும் இருக்கலாம். 12 வோல்ட் அடாப்டரை மாற்றிப் பார்ப்பதே முதல் வேலை.

டிஸ்க்கின் கொள்ளளவு சரியாகக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். 3 டெராபைட் டிஸ்க் 746 ஜிபி என்று காட்டினால், மாட்டிய இடத்துக்கு 2 டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியவில்லை என்று பொருள். அத்தகைய இடத்தில் எதையும் எழுதக் கூடாது. வேறு கம்ப்யூட்டரில் மாட்டுங்கள்.

மீட்பு மென்பொருள் எதையும் ஓட்டுவதற்கு முன், அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க் வாங்கி, லினக்ஸின் டிடிரெஸ்க்யூ கருவியால் முழுப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் எல்லா முயற்சியும் பிரதியின் மேல்தான். அப்பாவின் குரல் இருக்கும் அசல் டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிடுங்கள். புது டிஸ்க் வாங்கும் செலவு இப்போது கூடுதலாகத் தோன்றலாம், தயவுசெய்து அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இதே கேள்வியை வேறு வடிவில் இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள்: சர்வரை மறுபடி நிறுவியதும் டிஸ்க்குகள் ‘காலி’ என்று காட்டுகின்றன. இசட்.எஃப்.எஸ். வைத்திருந்தவர்கள் ‘இசட்பூல் இம்போர்ட்’ என்று மட்டும் தட்டுங்கள். பின்னால் பெயர் எதுவும் கொடுக்காவிட்டால் அது எதையும் மாற்றாமல், கண்ணில் படும் தொகுப்புகளைப் பட்டியலிடும். லினக்ஸ் ரெய்டு வைத்திருந்தவர்கள் எம்டிஏடிஎம் கருவியின் ‘எக்ஸாமின்’ வசதியால் ஒவ்வொரு டிஸ்க்கையும் படித்துப் பாருங்கள், அதுவும் எதையும் எழுதுவதில்லை. பழைய தொகுப்பின் அடையாளம் டிஸ்க்கிலேயே இருக்கிறது. ‘கிரியேட்’ என்ற சொல் இருக்கும் எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள்.

ஒரு டிஸ்க் போனதும் சர்வரே எழ மறுக்கிறது. எமர்ஜென்சி மோடு என்று நிற்கிறது. அதோடு, நான்கில் எது பழுதான டிஸ்க் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், தஞ்சாவூர்

எழும்போது எந்தெந்த டிஸ்க்கைச் சேர்க்க வேண்டும் என்று லினக்ஸ் பார்க்கும் எஃப்எஸ்டாப் கோப்பில் எழுதிய டிஸ்க் ஒன்று வராவிட்டால், லினக்ஸ் வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு அப்படி நின்றுவிடும். இயங்குதளம் இருக்கும் டிஸ்க்கைத் தவிர, தரவு டிஸ்க்குகளின் வரிகளில் எல்லாம் ‘நோஃபெயில்’ என்று சேர்த்துவிடுங்கள். டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் எழும், நீங்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் பெயர்களை அந்தக் கோப்பில் எழுதாதீர்கள். ஒரு டிஸ்க் போனதும் மற்றவற்றின் எழுத்துகள் மாறிவிடும். மாறாத அடையாளமான யு.யு.ஐ.டி. எண்ணை எழுதுங்கள்.

எது பழுதானது என்பதை சீரியல் எண்ணை வைத்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். தெரிகிற மூன்று டிஸ்க்குகளின் சீரியல் எண்களை ஸ்மார்ட் அறிக்கையிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். சர்வரை அணைத்துவிட்டு, ஒவ்வொரு டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். உங்கள் தாளில் இல்லாத எண்தான் போன டிஸ்க். ரெய்டில் ஒன்று ஏற்கெனவே விழுந்திருக்கும்போது அவசரத்தில் நல்லதைக் கழற்றி எடுத்துவிட்டால் முழுத் தொகுப்பும் போகக்கூடும்; ஆகவே இருவர் இருந்து, ஒருவர் படிக்க ஒருவர் சரிபாருங்கள். கேபினட் திறந்திருக்கும்போதே நான்கு டிஸ்க்குகளின் சீரியல் எண்ணில் கடைசி நான்கு எழுத்துகளையும் ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் பெரிதாக எழுதி, வெளியே பார்த்த பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வாங்கிய மாதத்தையும் அதன் கீழே எழுதினால் வாரண்டி இருக்கிறதா என்று பில்லைத் தேட வேண்டியதில்லை.